ஊறவைத்த ரூட்டர்

பழைய ரூட்டரின் முதுகில் இருந்த பொடி ஓட்டைக்குள் ஊக்கை விட்டு, பல்லைக் கடித்துக்கொண்டு அழுத்திப் பிடித்திருந்தார் திரவியம்.

"என்னங்க, அதுக்கு உயிர் இருக்கா?" என்று கேட்டாள் சொர்ணம்மாள்.

"இருக்கு, இருக்கு. தொணதொணக்காத. ரீசெட் ஆயிட்டு இருக்கு."

பின்னறையிலிருந்து இடுப்பைப் பிடித்துக்கொண்டு மெல்ல நடந்து வந்தாள் மருமகள் திவ்யலட்சுமி. ஏழு மாதம்.

"மாமா, ப்ளக் மாட்டாம ரீசெட் ஆகாது."

"தெரியும் மோளே. ஓட்டை அடைச்சிருக்கான்னு சும்மா பாத்தேன்."

திரவியத்துக்குத் திருவனந்தபுரம் சாலைக் கடைத்தெருவில் பம்ப்செட் கடை. கிணற்று மோட்டாரோ, மிக்ஸியோ, சீலிங் ஃபேனோ, அவர் கைபட்டால் ஓடித்தான் தீரும் என்பது அவருடைய கட்சி. மூட்டி முடித்த பிறகு மிச்சமாகும் திருகுகளைப் பற்றி மட்டும் அவர் பேச்செடுப்பதில்லை. நெட்டும் அவருக்குத் தண்ணீர் மாதிரிதான். எங்கிருந்தோ வருகிறது, குழாயில் ஓடுகிறது, ப்ரஷர் இல்லாவிட்டால் பின்னறைக்கு ஏறாது. அவ்வளவுதானே?

பின்னறைக்கு ஏறாததுதான் இப்போது குடும்பப் பிரச்சினை. திவ்யா வீட்டிலிருந்து வேலை பார்க்கிறவள். ஹாலில் உட்கார்ந்தால் குக்கர் விசிலும் சொர்ணம்மாளின் சீரியலும் அமெரிக்கக் கிளையன்டுக்குக் கேட்கின்றன. மாடியேறக் கூடாது என்று டாக்டர் சொல்லிவிட்டார். பின்னறையில் அமர்ந்தால், பேசிக்கொண்டிருக்கும்போதே வாயைப் பிளந்தபடி திரையில் உறைந்துபோகிறாள். மொபைல் டேட்டாவில் வேலை பார்ப்பது அவள் கம்பெனியில் கூடாது. திங்கட்கிழமை காலை மீட்டிங்கும் இப்படி அறுந்தால், பிரசவ லீவை அன்றைக்கே ஆரம்பித்துக்கொள்ளச் சொல்லிவிட்டார் மேனேஜர்.

லீவு ஆரம்பித்தால் திவ்யா போய்விடுவாள். தலைப்பிரசவத்துக்கு அழைத்துப் போக அவளுடைய அம்மா முத்தாரம்மாள் சுரண்டையிலிருந்து ஐந்து டின் முறுக்கோடு வந்து இறங்கியாயிற்று. 

"தலைப்பிரசவம் அம்மா வீட்டுலதான அண்ணாச்சி? ஊர்ல கேப்பாவல்லா?" என்று வந்த அன்றே கேட்டாள்.

"வேலை இருக்கே சம்மந்தியம்மா. லீவு இருந்தா நானே கொண்டுவந்து விடமாட்டேனா?" என்று திரவியம் பணிவாகச் சொன்னார்.

அது முழுப் பொய். அவருக்கு மருமகளை அனுப்ப மனமே இல்லை. மகன் ஸ்ரீஜித் பிறந்தது நாகர்கோவிலில், சொர்ணம்மாளின் தாய்வீட்டில். கடையைப் பார்த்துக்கொள்ள ஆளில்லாமல் தள்ளித் தள்ளிப் போய், அவர் மகனை முதன்முதலாகப் பார்த்தபோது குழந்தைக்குக் கழுத்து நின்றுவிட்டிருந்தது. அந்தக் குறை இன்றைக்கும் அவர் நெஞ்சில் இருக்கிறது. இந்தப் பிள்ளையையாவது பிறந்த சூட்டோடு கையில் வாங்கிவிட வேண்டும். ஸ்ரீஜித் வேலை பார்ப்பது கொச்சியில். வெள்ளிக்கிழமை ரயிலேறினால் தம்பானூர் ஸ்டேஷனில் வந்து இறங்கிவிடுவான்; இந்த வாரம் மட்டும் லீவு கிடைக்கவில்லை. எல்லோருக்கும் வசதி. ஒரு ரூட்டர்தான் குறுக்கே நிற்கிறது.

அதனால்தான் பரணிலிருந்து பழைய ரூட்டரை இறக்கியிருந்தார். ஹாலில் இருக்கும் புதியதையும் இதையும் கேபிளால் இணைத்துப் பின்னறையில் பழையதை வைத்தால் ப்ரஷர் கூடிவிடும் என்பது கணக்கு.

சம்பந்தியம்மாள் முறுக்கைக் கடித்தபடி எதிரிலேயே உட்கார்ந்திருந்தாள். திரவியம் குரலைக்கூடத் தாழ்த்தாமல் மனைவியிடம் மலையாளத்துக்கு மாறினார். தமிழ்நாட்டுச் சொந்தக்காரர்கள் வந்தால் இந்த வீட்டில் இது வழக்கம். கதவைச் சாத்துகிற வேலை மிச்சம்.

"நெட் சரியாயால் அவள் போகில்லா. ப்ரசவம் இவிடெத்தன்னெ. இதின்றெ அடாப்டர் எவிடெ?" நெட் சரியானால் மருமகள் போகமாட்டாள், பிரசவம் இங்கேயேதான் என்பது அதன் சாரம்.

"ஸ்டோர் ரூமில், அரிச்செம்பின்றெ பின்னில்," என்றாள் சொர்ணம்மாள். பிறகு கொஞ்சம் நெளிந்தாள். "மெல்லெ. அவங்க இருக்காங்கல்லா."

"இருந்தா எந்தா? மனசிலாவில்லா," என்றார், அவளுக்குப் புரியாது என்ற தைரியத்தில்.

முத்தாரம்மாள் இருவரையும் பார்த்து வெள்ளையாகச் சிரித்து, "முறுக்கு எடுத்துக்கிடுங்க அண்ணாச்சி. எள்ளு கொஞ்சம் தூக்கலா இருக்கும்," என்று டின்னை நகர்த்தினாள்.

மறுநாள் காலை திரவியம் அரிசிச் செம்புக்குப் பின்னால் கையை விட்டபோது சுவர்தான் அகப்பட்டது.

"இங்க கெடந்த வயரெல்லாம் எங்க?"

"அதா அண்ணாச்சி?" முத்தாரம்மாள் துடைப்பமும் கையுமாக வந்தாள். "சும்மா இருக்க கையி ஓடல. ஸ்டோர் ரூமைக் கூட்டிப் பெருக்கினேன். ஒரே பூச்சி. பழைய வயரை எல்லாம் வாசல்ல பழைய சாமான் எடுக்க வந்த ஆக்ரிக்காரங்கிட்ட தூக்கிப் போட்டுட்டேன். தேவப்பட்டதா?"

சம்பந்தியை வைதுவிட முடியுமா? "ஐயோ, நல்ல காரியம் செஞ்சீங்க," என்றார் திரவியம், விழுங்கிக்கொண்டு.

ஆனால் அவர் அசருகிற ஆள் இல்லை. கடைக்குப் போய், அதே வோல்ட் உள்ள அடாப்டர் ஒன்றைப் பழைய டைமரிலிருந்து பிடுங்கி வந்தார். மாட்டியதும் ரூட்டரில் பச்சை விளக்கு எரிந்தது. ஊக்கை விட்டு அழுத்தினார். எல்லா விளக்கும் அணைந்து, ஒவ்வொன்றாகத் திரும்ப எரிந்தன.

"பாத்தியா சொர்ணம்! செத்தவனை எழுப்பியாச்சு!"

"அண்ணாச்சிக்குக் கை ராசி," என்று முத்தாரம்மாளும் பாராட்டினாள்.

நீளமான கேபிளின் ஒரு முனையைப் புதிய ரூட்டரிலும், மறு முனையைப் பழையதிலும் செருகினார். பின்னறையிலிருந்து திவ்யாவின் குரல் வந்தது.

"மாமா, நெட் போயிடுச்சு."

"அங்கதான் முன்னாலயே இல்லையே மோளே?"

"இப்ப எங்கயுமே இல்ல மாமா. அத்தையோட சீரியலும் நின்னுபோச்சு."

ஹாலில் மலையாள சீரியல் நடுவில் ஒரு மாமியார் கையை ஓங்கியபடி நின்றுவிட்டிருந்தாள். அதன் முன்னால் முத்தாரம்மாள் கண்ணைத் துடைத்துக்கொண்டிருந்தாள். பாஷை புரியாவிட்டாலும் மனசு இளகியவள் என்று சொர்ணம்மாள் அவளுக்காக இரக்கப்பட்டிருந்தாள்.

ரூட்டர் இரண்டுக்கும் ஒரே முகவரி. ஒரே தெருவில் இரண்டு வீட்டுக்கு ஒரே நம்பர் இருந்தால் தபால்காரன் என்ன செய்வான்? திரும்பிப் போய்விடுவான். இந்த விவரம் திரவியத்துக்குத் தெரியாது. "ஏர் புடிச்சிருக்கு," என்று தீர்ப்புச் சொன்னார். கேபிளைப் பிடுங்கினார், செருகினார், ரூட்டர்களைத் தட்டினார். புதியது பயந்ததுபோல் சிவப்பு விளக்கைக் காட்டிக்கொண்டு நின்றுவிட்டது.

வேறு வழியில்லாமல் நெட்காரர் பத்மகுமாருக்குப் போன் போட்டார். பத்மகுமார் இவர்கள் வீடிருக்கும் கரமனையிலேயே பிறந்து வளர்ந்த தமிழர்தான். பள்ளிக்கூடம் முழுக்க மலையாளம் என்பதால் போனை எடுத்தால் வாய் தானாக அந்தப் பக்கம் ஓடிவிடும். நெய்யாற்றின்கரையில் லைன் அறுந்து கிடப்பதாகவும், கம்பத்திலிருந்து இறங்கியதும் தானே கூப்பிடுவதாகவும் சொன்னார்.

"பத்மகுமார் இப்போள் விளிக்கும்," என்று திரவியம் மனைவியிடம் சொன்னார். "ஞான் குளிக்கான் போகுந்நு. விளிச்சால் எடுத்து எந்தா செய்யேண்டதுன்னு சோதிக்கணும். புதியது சரியாயால் தன்னெ மதி."

போன் வந்தால் என்ன செய்வதென்று கேட்டுவைப்பதாகச் சொர்ணம்மாள் தலையாட்டினாள். ஆனால் போன் அடித்தபோது அவள் கை முழுக்க இட்லி மாவு. பக்கத்தில் இருந்த முத்தாரம்மாள் போனை எடுத்துக்கொண்டு, கூடத்தில் சரியாகக் கேட்கவில்லை என்று வாசலுக்குப் போனாள். குளித்துவிட்டுத் தலையைத் துவட்டியபடி வந்த திரவியத்திடம் அவளே சேதி சொன்னாள்.

"அந்தத் தம்பி பேசினாரு அண்ணாச்சி. மலையாளமா, எனக்கு ஒண்ணும் பிடிபடல. ஆனா செய்ய வேண்டியதைக் கேட்டுச் செஞ்சுட்டேன். நீங்க நிம்மதியாச் சாப்பிட்டுப் படுங்க. காலைல சரியாயிரும்னு சொன்னாரு."

"பெரிய உபகாரம் சம்மந்தியம்மா," என்று திரவியம் மனதாரச் சொல்லிவிட்டு நிம்மதியாகச் சாப்பிட்டுப் படுத்தார்.

ஞாயிற்றுக்கிழமை காலையில் சமையலறையில் சொர்ணம்மாள் போட்ட கூச்சலில் பக்கத்து வீட்டு நாய் குரைத்தது.

அடுப்பு மேடையில் ஒரு சருவம். அதில் கழுத்தளவு தண்ணீர். தண்ணீருக்குள், இரண்டு ஆன்டெனாவையும் மேலே நீட்டிக்கொண்டு, புதிய ரூட்டர்.

"சம்மந்தியம்மா!" திரவியம் சருவத்தை நோக்கி விரலை நீட்டினார். "இது... இது என்ன?"

"ஊறவச்சேன் அண்ணாச்சி. அவருதான் நாலஞ்சு தடவை சொன்னாரு, ராத்திரி முழுக்க ஊறவைக்கணும், ஊறவைக்கணும்னு. உளுந்து மாதிரி அஞ்சு மணி நேரம் போதாதான்னுகூட எனக்கு சந்தேகம்தான். ஆனா மெசின் விசயம், நமக்கென்ன தெரியும்?"

திரவியம் நெற்றியில் அறைந்துகொண்டார். பத்மகுமார் சொன்னது என்னவென்று அவருக்குப் பளிச்சென்று விளங்கிவிட்டது. ஊரி வைக்கணும். மலையாளத்தில் ஊரி வைப்பது என்றால் பிளக்கைக் கழற்றி வைப்பது. அதைச் சுரண்டைக் காது ஊறவைப்பதாகக் கேட்டுக்கொண்டது.

திவ்யா வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள். சொர்ணம்மாள் முந்தானையை வாயில் அடைத்துக்கொண்டாள். முத்தாரம்மாளுக்கு முகம் தொங்கிவிட்டது.

"தப்பாப் போச்சா? நான் ஒரு கூறுகெட்டவ..."

"விடுங்க, விடுங்க," என்று திரவியம் பெருந்தன்மையோடு கையமர்த்தினார். "பாஷை தெரியாததுக்கு நீங்க என்ன செய்வீங்க? நான் இருக்கேன்லா."

ஈரமான போனை அரிசிக்குள் புதைத்தால் சரியாகிவிடும் என்று வாட்ஸ்அப்பில் படித்திருந்தார். ரூட்டரை உதறி அரிசிச் செம்புக்குள் புதைத்தார். அது போதாதென்று மத்தியானம் எடுத்து மொட்டைமாடி வெயிலில் காயவைத்தார். கரமனை வெயிலை நம்பலாமா? நாலு சொட்டு மழை விழுந்தது. ஓடிப் போய் எடுத்து வந்து சொர்ணம்மாளின் ஹேர்டிரையரால் ஊதினார். உள்ளே புகுந்திருந்த அரிசி கலகலத்தது.

"அதுக்குள்ள அரிசி கெடக்கு," என்றாள் சொர்ணம்மாள்.

"கரண்ட் குடுத்தா சூட்டுல பொரிஞ்சு வெளிய வந்துரும்."

கரண்ட் கொடுத்தார். டப் என்ற சத்தத்தோடு வெளியே வந்தது புகைதான். வீடு முழுக்க விளக்கணைந்தது. ஃபியூஸைப் போட்டுவிட்டு வந்து பார்த்தபோது, புதிய ரூட்டரின் கதை முடிந்திருந்தது.

"மாமா, புதுசா ஒண்ணு ஸ்ரீஜித்தை விட்டு ஆர்டர் பண்ணட்டா? இல்லன்னா பத்மகுமார் அண்ணனையே வரச் சொல்லலாம்," என்று திவ்யா தயங்கித் தயங்கிக் கேட்டாள்.

நல்ல யோசனைதான். திரவியம் வாயைத் திறப்பதற்குள் முத்தாரம்மாள் முந்திக்கொண்டாள்.

"ஏட்டி, என்ன பேச்சு பேசுத? ஊர்ப்பட்ட மோட்டாரை ஓட வைக்க மனுசன் வீட்டுல இருக்கையில அடுத்தவனைக் கூப்பிடுவாங்களா? செத்துக் கெடந்ததை நேத்து எழுப்பிக் காட்டினாருல்லா? அண்ணாச்சி ஒத்தைக் கையால செஞ்சுருவாரு."

இதற்குப் பிறகு ஒரு ஆண்மகன் என்ன சொல்ல முடியும்?

"அதான! பழசு இருக்கையில புதுசு எதுக்கு?" என்றார் திரவியம், சட்டைக் கையை மடித்துக்கொண்டு. பத்மகுமாரைக் கூப்பிடுவதில் அவருக்கு இன்னொரு சங்கடமும் இருந்தது. ரூட்டரை ஊறவைத்த கதை அவர் காதுக்குப் போனால், கிழக்கேகோட்டை பஸ் ஸ்டாண்டு வரைக்கும் சிரிப்பாய்ச் சிரிக்கும்.

இப்போது பழைய ரூட்டர்தான் வீட்டுக்கே கதி. சுவரில் கம்பெனிக்காரர்கள் ஆணியடித்து மாட்டிய சின்ன மோடத்திலிருந்து நீளமான கேபிளை இழுத்துப் பின்னறைக்கே கொண்டுபோனார். பழையதைத் திவ்யாவின் மேசையிலேயே வைத்துச் செருகினார். எல்லா விளக்கும் எரிந்தன. வைஃபையும் காட்டியது. போனில் தொட்டால் இன்டர்நெட் மட்டும் இல்லை. கேபிளை முதல் ஓட்டையில் செருகினார், இரண்டாவதில் செருகினார், மூன்றாவதிலும் நாலாவதிலும் செருகிப் பார்த்தார். ஒரே நிறத்தில் அடுத்தடுத்து நான்கு ஓட்டை இருந்தால் எதையும் விடக்கூடாது என்பது அவர் எண்ணம்.

திங்கட்கிழமை விடிந்தது. மீட்டிங் நேரம் நெருங்க நெருங்க அவருக்குக் கையும் ஓடவில்லை, காலும் ஓடவில்லை. ஊக்கால் குத்திய குத்தில் அந்தப் பொடி ஓட்டை மூக்குத் துவாரம் அளவுக்கு ஆகிவிட்டது.

"இப்ப வரும் மோளே. இந்தா வந்துட்டு."

வரவில்லை. திவ்யாவின் போனுக்கு மேனேஜரின் மெசேஜ்தான் வந்தது. அவள் படித்துவிட்டு நிமிர்ந்தபோது அவள் முகத்தில் வருத்தத்தைவிடக் களைப்புதான் அதிகம் தெரிந்தது.

"சாரமில்ல மாமா, விடுங்க. இன்னையிலேர்ந்து லீவு எடுத்துக்கச் சொல்லிட்டாங்க."

திரவியம் ஊக்கைக் கீழே வைத்தார். பின்னறை ஜன்னலோரம், தொட்டில் கட்டுவதற்கென்று போன வாரம்தான் ஆளை வைத்துக் கொக்கி மாட்டியிருந்தார். அதை நிமிர்ந்து பார்க்க அவருக்குத் தைரியம் வரவில்லை.

முத்தாரம்மாள் முந்தானையால் கண்ணைத் துடைத்தாள். "அண்ணாச்சி எம்புட்டு பாடு பட்டீய! கடவுள் போட்ட கணக்கை நாம மாத்த முடியுமா? கெளம்புட்டி. கார் வந்துட்டு."

வாசலில் தமிழ்நாட்டு நம்பர் போட்ட கார் ஒன்று நின்றுகொண்டிருந்தது. 

"இப்பதான மெசேஜே வந்துச்சு? சுரண்டையிலேர்ந்து கார் வர நாலு மணி நேரமாவது ஆகுமே?" என்று சொர்ணம்மாள் வியந்தாள்.

"அந்தப் பக்கத்து டிரைவர்மாருக எல்லாம் காத்துலயாக்கும் ஓட்டுவாங்க," என்று திரவியம் விளக்கம் கொடுத்தார். எதையும் விளக்காமல் விட்டு அவருக்குப் பழக்கமில்லை.

காரில் ஏறும்போது திவ்யா குனிந்து அவர் காலைத் தொடப் பார்த்தாள். அவர் பதறிப்போய்த் தடுத்தார். "வயித்துப் பிள்ளையோட குனியாத மோளே. வலி வந்த உடனே ஒரு போன் போடு. கடையை இழுத்துப் பூட்டிட்டு வந்துருவேன். இந்தத் தடவை கண்டிப்பா வந்துருவேன்," என்றார். சுரண்டைக்குப் போகிற அந்தக் கார் தெரு முனையில் திரும்பி மறைகிற வரைக்கும் வாசலிலேயே நின்றார்.

வீடு வெறிச்சென்று இருந்தது. சொர்ணம்மாள் அடுக்களைக்குப் போய்விட்டாள். திரவியம் பின்னறைக்குப் போய், மேசையில் கிடந்த பழைய ரூட்டரை வெறுப்போடு தூக்கித் திருப்பினார். வரிசையாக நான்கு மஞ்சள் ஓட்டை. கொஞ்சம் தள்ளி, தனியாக, நீல நிறத்தில் ஐந்தாவதாக ஒன்று.

திரவியம் அதையே பார்த்தார். பிறகு விருட்டென்று எழுந்து நின்றார்.

"அடச்சீ! உறிஞ்சுத பைப்பைத் தள்ளுத வாயில மாட்டியிருக்கேனே!"

கேபிளைப் பிடுங்கி நீல ஓட்டையில் செருகினார். பூமி உருண்டை மாதிரி ஒரு விளக்கு பச்சையாக எரிந்தது. போனில் வைஃபை முழுசாக நிமிர்ந்து நின்றது. ஒரு வீடியோவைத் தொட்டார். தொட்ட விரலை எடுப்பதற்குள் ஓடியது. திருவனந்தபுரத்திலேயே இப்படி ஒரு வேகம் எந்தப் பின்னறையிலும் இருந்திருக்காது, ஆனால் உட்கார்ந்து வேலை பார்க்கத்தான் ஆளில்லை.

என்றாலும் வெற்றி வெற்றிதான். இனிமேல் யார் சிரித்தால் என்ன? நாலு பேரிடம் சொல்லாவிட்டால் அவருக்கு நெஞ்சு வெடித்துவிடும். பத்மகுமாரைக் கூப்பிட்டார்.

"தம்பி, நீ வரவே வேண்டாம். பழசை நானே எழுப்பிட்டேன். பின்னறையில சும்மா பிச்சுக்கிட்டு அடிக்குது."

"ஆஹா! அப்போ புதுசுக்கு என்ன ஆச்சு அண்ணாச்சி? நான் சொன்ன மாதிரி ஊரி வெச்சீங்கல்லா?"

"அதை ஏன் கேக்க!" திரவியம் விழுந்து விழுந்து சிரித்தார். "நீ ஊரி வைக்கச் சொல்லியிருக்க. எங்க சம்மந்தியம்மா அதை உளுந்து கணக்கா ஊறவச்சுட்டாங்க. பாவம், பட்டிக்காட்டு மனுசி. அவங்களுக்கு மலையாளத்துல ஒரு வார்த்தை தெரியாதுல்லா?"



"யாருக்கு அண்ணாச்சி தெரியாது? நம்மளைவிட நல்ல மலையாளத்துலயாக்கும் அந்தம்மா பேசினாங்க. 'ஊரி வெச்சால் நாளைக்கே சரியாவுமல்லோ மோனே, திங்களாழ்ச்ச வரெ சரியாவாதிருக்க எந்தெங்கிலும் வழியுண்டோ'ன்னு கேட்டாங்க. திங்கக்கெழமை வரைக்கும் சரியாகாம இருக்க யாராவது வழி கேப்பாங்களா? நான் தமாசாக்கும்னு நெனச்சு, 'அப்படின்னா ஊறத்தான் வைக்கணும்'னு சொல்லிப்போட்டேன்."